செங்கல் கட்சிக்காரர்

அவர் பெயரை எழுத மாட்டேன். பந்தயம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கணவர் பெயர் அச்சில் வந்தால் அவர் மனைவி என்னைச் சும்மா விடமாட்டார். நாங்கள் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். ஐந்தரை அடி, லேசான தொப்பை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்பூன். மண்ணைக் கிளறிப் பார்க்கத்தான் அந்த ஸ்பூன். அதே ஸ்பூனால் சாம்பாரையும் கிளறுகிறார் என்று கேம்ப்பில் ஒரு வதந்தி இருந்தது. அது பொய். சாம்பாருக்கு வேறு ஸ்பூன் வைத்திருந்தார்.

ஓமானில் சோஹார் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். சாலைகளும் சரக்கு அடுக்கும் மைதானங்களும் போடுவது எங்கள் கம்பெனியின் வேலை. மண்ணைக் கொட்டி, தண்ணீர் அடித்து, ரோலர் ஓட்டி முடித்ததும் நானும் அண்ணனும் போய்ச் சின்னதாக ஒரு குழி தோண்டி, மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று சோதித்துச் சொல்ல வேண்டும். பாஸ் என்றால் அடுத்த அடுக்கு. ஃபெயில் என்றால் எல்லாவற்றையும் கிளறிப்போட்டு மறுபடி முதலிலிருந்து. லேப் என்ற பெயரில் இருந்த தகரப் பெட்டிக்குள் நாங்கள் இரண்டே பேர். அவர் பெரம்பலூர்ப் பக்கம், நான் திருச்சி. கல்யாணம் முடிந்த இருபதாம் நாள், ஒரு டிசம்பரில், அங்கே போய் இறங்கினேன். என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சாயங்காலம், கேம்ப்பை ஒட்டி எங்களுக்குக் கொடுத்திருந்த வில்லாவுக்குள் பெட்டியோடு நுழைந்தபோது அவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஸ்டோரில் வேலை பார்த்த நாகர்கோவில்காரர் ஒருவர் கட்டிலில் படுத்துக் காலாட்டிக்கொண்டிருந்தார். அந்த அறையில் இனி நாங்கள் மூன்று பேர். மரியாதைக்குக் கேட்டேன்.

"சமையல் இன்னைக்கு யாரு முறைங்க?"

"அண்ணாச்சி முறைதான்" என்றார் நாகர்கோவில்காரர்.

"நாளைக்கு?"

"நாளைக்கும் அண்ணாச்சிதான். பொங்கல் வரைக்கும் அண்ணாச்சிதான், கேட்டியா. நியூயார்க்குல மொத்தமா விட்டுட்டாரு."

அண்ணன் வெண்டைக்காயிலிருந்து தலையைத் தூக்காமல், "தம்பி, ஃபிரிட்ஜ் கதவுல ஒன்னு ஒட்டியிருக்கேன் பாரு. படிச்சுட்டு அப்பறம் பொட்டியப் பிரி" என்றார்.

மண் சோதனைப் படிவத்தின் பின்பக்கத்தில் நீல மையால் எழுதி ஒட்டியிருந்தது. தலைப்பு: டென்னிஸ் பந்தயம், புதிதாகச் சேர்வோர் கவனத்திற்கு.

எனக்கு டென்னிஸ் என்றால் பந்து பொறுக்கத் தனியாக ஆள் வைத்திருக்கும் விளையாட்டு என்ற அளவுக்குத்தான் தெரியும். எங்கள் ஜாதகத்தில் கிரிக்கெட் மட்டும்தான் எழுதியிருந்தது. ஆனால் எங்கள் கேம்ப்பில் கிரிக்கெட் பேசக் கூடாது. பாகிஸ்தான்காரர், பங்களாதேஷ்காரர், இலங்கைக்காரர், நாம் எல்லாரும் மத்தியானம் ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிற இடம். ஒரு முறை ஒரு மேட்ச் முடிந்ததும் தட்டு பறந்து ஒருவருக்கு நெற்றியில் தையல் போட வேண்டியதாகிவிட்டது. கேம்ப் பாஸ் கிரிக்கெட்டுக்குக் 'கலாஸ்', அதாவது முடிந்தது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அண்ணன் உட்கார்ந்து யோசித்து, எங்கள் கேம்ப்பில் இருக்கிற எவனுடைய நாடும் பைனலுக்கு வராத ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். டென்னிஸ். அதன் பிறகு சண்டையே இல்லை. செர்பியாக்காரன் தோற்றால் சியால்கோட்காரனுக்கு என்ன கோபம் வரப்போகிறது?

பந்தயம் என்றாலும் காசு கிடையாது. காசு வைத்தால் அந்த ஊரில் கம்பி எண்ண வேண்டும், அடுத்த விமானத்தில் ஊருக்கும் அனுப்பிவிடுவார்கள். அதனால் வேலையை வைப்போம். சமையல் முறை, பாத்திரம் கழுவும் முறை, காலையில் முதல் ஆளாகக் குளிக்கும் உரிமை, ஏசி ரிமோட், ஜன்னல் ஓரக் கட்டில். ஜூலை மாதச் சோஹாரில் ஏசி ரிமோட் கையில் இருப்பவன் ராஜா. ஜட்டியோடு உட்கார்ந்திருந்தாலும் ராஜாதான்.

ஃபிரிட்ஜ் கதவில் இருந்த அந்த வழிகாட்டியைப் பற்றி நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். அதில் ஒரு வரிகூட வீண் இல்லை. பெரிய போட்டி வருடத்துக்கு நான்கு என்று தொடங்கும். ஜனவரியில் மெல்போர்ன், அது சிமெண்ட் மாதிரி. பாரிஸ் செம்மண். லண்டன் புல். நியூயார்க் மறுபடி சிமெண்ட். முதலில் தரையைப் பார், பிறகு ஆளைப் பார். செம்மண்ணில் பந்து நின்று எழும்பும், ஓடி ஓடி எடுக்கிறவன் பிழைப்பான். புல்லில் பந்து வழுக்கும், வேகமாகப் போடுகிறவன் பிழைப்பான். முதல் வாரம் பந்தயம் வைக்காதே, பெரிய ஆட்களெல்லாம் சின்ன ஆட்களை அடித்து முடிக்கட்டும். போன வாரம் வேறெங்கோ கோப்பை வாங்கியவன் மேல் வைக்காதே, அவனுக்குக் கால் வலிக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் துண்டு கேட்கிறவன் பயந்திருக்கிறான். ஆண்கள் ஆட்டத்தில் இரண்டு செட் போனவுடன் முடிவு சொல்லாதே, மொத்தம் ஐந்து இருக்கிறது. தலைமுடி அழகாக இருக்கிறது என்பதற்காக ஒருவன் மேல் வைக்காதே. இது நாகர்கோவில்காரருக்காகவே எழுதியது. கடைசியில் சிவப்பு மையில்: சாப்பாட்டை வை, ஊர் விஷயத்தை வைக்காதே.

ஜனவரியில் மெல்போர்ன் வந்தது. பொங்கலோடு அண்ணனின் சமையல் தண்டனை முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. நான் வழிகாட்டியை மனப்பாடம் செய்து அதன்படியே வைத்தேன். ஐந்து பந்தயத்தில் நான்கு ஜெயித்தேன். எதிர்ப்பக்கம் வைத்துத் தோற்றவர் அந்த வழிகாட்டியை எழுதியவர்.

அங்கேதான் எனக்கு மண்டை காய்ந்தது. அவருக்கு ஆட்டம் தெரியாமலில்லை. சோபாவில் உட்கார்ந்து, "இவன் ரெண்டாவது செட்டுல தோளத் தொங்கப் போட்டுருவான் பாரு" என்பார். தொங்கப் போடுவான். "இந்த ஆளு தேறமாட்டான் தம்பி" என்பார். தேறமாட்டான். அப்புறம் அதே ஆள் மேல் ஒரு வாரச் சமையலை வைப்பார். தோற்பார். எழுந்து போய் வெங்காயம் உரிப்பார். முகத்தில் வருத்தம் இருக்காது. தோற்ற ஆட்டக்காரனைப் பற்றிய கவலைதான் இருக்கும். "இப்ப அவன் எப்படி ஓட்டலுக்குப் போவான்? சாப்பிட்டிருப்பானா?" என்று கடுகு தாளிக்கும்போது கேட்பார்.

ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"அண்ணே, தோக்கப்போறான்னு தெரிஞ்சே ஏன் அவன் மேல வெக்கிறீங்க?"

"ஜெயிக்கிறவன் பக்கம்தான் ஊரே நிக்கிதே தம்பி. நான் ஒருத்தன் போயி அங்க என்னத்துக்கு?"

டென்னிஸில் மட்டும் என்றால் விட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை ஹைப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் கல்லாவில் எந்த வரிசை நகராமல் நிற்கிறதோ அதில்தான் போய் நிற்பார். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பிலிப்பைன்ஸ் பெண் தப்புத் தப்பாகத் தட்டிக்கொண்டிருக்கும். "ஆளாளுக்கு வேற வரிசைக்கு ஓடுறான், அந்தப் புள்ள மூஞ்சியப் பாரு" என்பார். ஒரு முறை அந்தப் பெண் எங்கள் முருங்கைக்காயைப் பதினேழு தடவை ஸ்கேன் செய்தது. அண்ணன், "ஸ்லோலி, ஸ்லோலி, நோ டென்ஷன்" என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர்கள் எங்களைப் பார்த்த பார்வையில் நான் சீப்பு வாங்கப் போவதுபோல் நழுவிவிட்டேன்.

இத்தனை இளகிய மனுஷன் லேபில் எப்படி இருப்பார் என்று நினைக்கிறீர்கள்? கல். பஞ்சாப்காரர் ஒருவர், ரோலர் ஃபோர்மேன், ஒரு மத்தியானம் கிட்டத்தட்ட அழுதார். நாற்பத்தெட்டு டிகிரி வெயிலில் இரண்டு நாள் உழைத்துப் போட்ட அடுக்கு ஒரே ஒரு சதவீதம் குறைந்து ஃபெயில்.

"பாய், ஏக் பர்சென்ட் கா சவால் ஹை. சோடோ யார்" என்று, விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினார்.

அண்ணன் அவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்தார். தோளில் தட்டிக் கொடுத்தார். ஃபெயில் என்றே எழுதினார். அன்று சாயங்காலம் டூட்டி முடிந்த பிறகு, அந்த மண்ணைக் கிளறிப்போடுகிற வேலை முடிகிறவரை ஃபோர்மேன் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தார். எனக்கும் நிற்க வேண்டியதாயிற்று. கொசு பிடுங்கி எடுத்துவிட்டது.

பாரிஸ் வந்தது. இப்போது இரண்டு ஆட்டக்காரர்களை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். நிஜப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்திருந்தோம். ஒருவன் கலெக்டர். அவன் மைதானத்துக்குள் நடந்து வருவது வெள்ள நிவாரணப் பகுதியைப் பார்வையிட வருவதுபோல் இருக்கும். வியர்க்காது, கத்தமாட்டான், சட்டை கசங்காது, எல்லாக் கோப்பையும் அவனுக்கே. இன்னொருவன் செங்கல். பாரிஸ் தரையில் இருப்பது மண்ணே இல்லை, செங்கல்லைப் பொடி பண்ணித் தூவியிருக்கிறார்கள் என்று அண்ணன் டிவியைப் பார்த்தே கண்டுபிடித்துச் சொன்னார். அந்தப் பொடியில் இவன் விழுந்து புரண்டு எழுந்தபோது நாகர்கோவில்காரர், "லேய், செங்கல்லே எந்திரிச்சு வருது பாருடே" என்றார். பெயர் நிலைத்துவிட்டது. விழுந்து விழுந்து எடுப்பான், கடைசியில் கலெக்டரிடம் தோற்பான். அண்ணன் செங்கல் கட்சியில் ஆயுள் உறுப்பினர்.

இதற்குள் ஊரில் என் மனைவிக்கு ஆவணிப் பாதியில் பிரசவம் என்று நாள் சொல்லிவிட்டார்கள். முதல் குழந்தை. அண்ணன் ஆறு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவந்த வீடும் முடிந்திருந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம். இருவரும் ஒரே வாரத்தில் விடுப்புக் கேட்டோம். எங்கள் மேனேஜர் எகிப்துக்காரர். இரண்டு விண்ணப்பத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். லேபில் இருப்பது இரண்டே பேர்.

"ஒன் கோ, ஒன் ஸ்டே. யூ டிசைட். கலாஸ்" என்றார்.

அது ஒரு புதன்கிழமை. பிக்கப்பில் வில்லாவுக்குத் திரும்பும்போது நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை லண்டன் பைனல். அதில் கலெக்டரும் செங்கலும்தான் மோதப்போகிறார்கள் என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். போன வருடமும் லண்டனில் இதே இரண்டு பேர்தான் மோதினார்களாம், கலெக்டர்தான் ஜெயித்தானாம். போன வருடம் நான் ஊரில் இருந்தேன், நாகர்கோவில்காரர் லீவில் இருந்தார், அந்த ஆட்டத்தைப் பார்த்தது அண்ணன் ஒருவர்தான். புல்தரை கலெக்டருக்குத் தாத்தா சொத்து. இந்த மனிதர் எப்படியும் செங்கல் மேல்தான் வைப்பார்.

நான் செய்தது யோக்கியமான காரியம் இல்லை. இப்போது சொல்லும்போதும் கூச்சமாக இருக்கிறது.

"அண்ணே, சண்டை வேண்டாம். ஞாயித்துக்கெழம பைனல்ல வெச்சுக்கலாமா? நான் கலெக்டரு. நீங்க..."

"ஊர் விஷயத்த வெக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கேனேப்பா" என்றார்.

"வேற வழி இல்லையேண்ணே."

அவர் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு வந்தார். வெளியே பார்க்க அங்கே ஒன்றும் கிடையாது, குவித்துவைத்த மண்தான். பிறகு, "சரி. நான் செங்கல்" என்றார். எனக்குள் ஒரு பட்டாசு வெடித்தது. வெளியே முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டூட்டி முடிந்து ஓடி வந்தோம். டிவியைப் போட்டபோது ஆட்டம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. எங்கள் டிஷ்ஷில் வந்தது ஒரே ஒரு விளையாட்டுச் சேனல், அதுவும் அரபி. வர்ணனை செய்கிறவர் யாரையோ திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்றே எங்களுக்குத் தெரியாது. திரையின் மேல் மூலையில் அரபியில் என்னவோ எழுதியிருந்தது. அரபி எழுத்து எங்களுக்குக் கோலம், அழகாக இருக்கிறது என்று விட்டுவிடுவோம்.

முதல் செட் கலெக்டர். அண்ணன் அன்று ஒரு மாதிரியாக இருந்தார். பத்து நிமிடம் பார்த்தவர் திரைக்கு ரொம்பக் கிட்டே போய்ப் புல்லைப் பார்த்தார். அந்த மூலையில் இருந்த கோலத்தையும் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் அப்படியே பலித்தது.

"இப்ப நெட்டுல அடிப்பான்" என்றார். செங்கல் நெட்டில் அடித்தான்.

"இது கோட்டுக்கு வெளிய போகும்." போனது.

"இந்த இடத்துல ஷூ லேஸ் கட்டுவான் பாரு." கலெக்டர் குனிந்து ஷூ லேஸ் கட்டினான்.

நாகர்கோவில்காரருக்குப் புல்லரித்துவிட்டது. "அண்ணாச்சி, உமக்கு அருள் வந்துட்டுவே! இப்பவாச்சும் கட்சி மாறும்!" என்று காலில் விழாத குறை. ஆனால் கட்சி மாறுகிற ஆளா அவர்? நாலாவது செட்டில் கலெக்டர் முடித்துவிட்டான். நான் குதிக்கவில்லை, அந்த அளவுக்கு நாகரிகம் இருந்தது. அண்ணன் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பொண்ணு பொறந்தா எனக்கு மொதல்ல போன் பண்ணனும்" என்றார். டெலிபோன் கார்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பத்து நிமிடம் கழித்து வந்து, "வீட்ல சொல்லிட்டேன். பரவால்லன்னுட்டா" என்றார். போய் அரிசி களைந்தார்.

திங்கட்கிழமை விண்ணப்பத்தைக் கொடுத்தேன். மேனேஜர் மஸ்கட் போயிருந்தார், செவ்வாய் காலை கையெழுத்து என்றார்கள். அன்று சாயங்காலம் அண்ணன் முடி வெட்டிக்கொள்ள வேண்டும் என்று தனியாகச் சோஹார் கடைத்தெருவுக்குப் போனார். ஐந்து மணிக்குப் போனவர் ஒன்பதரைக்கு வந்தார். முடி போகும்போது இருந்தபடியே இருந்தது. கேட்டதற்கு, "சலூன்ல ஒரே கூட்டம்" என்றார்.

செவ்வாய் காலை. மேனேஜர் கூப்பிடுவார் என்று சைட் ஆபீசில் காத்திருந்தேன். அங்கிருந்த கம்ப்யூட்டரில் சும்மா இருக்க முடியாமல், என் கலெக்டர் வாங்கிய கோப்பையை ஒரு தடவை பார்த்து ரசிக்கலாம் என்று இன்டர்நெட்டைத் திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லண்டனில் நாள் முழுக்க மழை. ஒரு பந்துகூடப் போடவில்லை. பைனல் திங்கட்கிழமை நடந்தது. ஐந்து செட். ஜெயித்தது செங்கல்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தது போன வருடத்து ஆட்டம். மழை பெய்கிறதே என்று அந்தச் சேனல்காரன் பழையதை எடுத்துப் போட்டிருக்கிறான். அந்த மேல் மூலைக் கோலம் அதைத்தான் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மனிதரின் ஆள் ஜெயித்திருக்கிறான். லீவு அவருடையது. எழுந்து லேபுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான். எழுந்தேன். "நீங்க பக்கத்துல இருப்பீங்கல்ல?" என்று என் மனைவி போனில் கேட்டது ஞாபகம் வந்தது. உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். அதற்குள் மேனேஜர், "யல்லா, கம்" என்று கூப்பிட்டார். உள்ளே போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொல்வதற்கு என்னிடம் அரை மணி நேரம் இருந்தது. சொல்லவில்லை. எனக்கு என் குழந்தை வேண்டியிருந்தது.

அப்புறம்தான் செய்தித்தாள் ஞாபகம் வந்தது. ஆபீசுக்குப் பத்து மணிக்கு ஆங்கிலப் பேப்பர் வரும். டீ நேரத்தில் அண்ணன் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். பேன்ட்ரிக்கு ஓடினேன். பேப்பர் இருந்தது. விளையாட்டுப் பக்கம் மட்டும் இல்லை. டீ போடுகிறவரைக் கேட்டேன். "மாலூம் நஹி பாய், யாராச்சும் சமோசா சுத்த எடுத்திருப்பாங்க" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். கடவுளே நம் பக்கம் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் அன்றும் அடுத்த நாளும் டென்னிஸ் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நாகர்கோவில்காரர் ஒரு தடவை எடுத்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "உப்பு போதுமா?" என்று கேட்டோம்.

ஆகஸ்டில் கிளம்பினேன். விமான நிலையத்துக்குப் புறப்படும்போது அண்ணன் என் பெட்டிக்குள் ஒரு சுவர்க் கடிகாரத்தையும் துணியில் சுற்றிய குத்துவிளக்கு ஒன்றையும் திணித்தார்.

"பால் காய்ச்சறதத் தள்ளிப் போடல தம்பி. எங்க அப்பாவும் அம்மாவும் பூஜையில ஒக்காந்துக்குவாங்க. எனக்குப் பதிலா நீ ஒரு எட்டு போயி நில்லு. திருச்சிலேர்ந்து ஒன்ற மணி நேரம்தான்."

இதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

பிரசவத்துக்குப் பத்து நாள் இருந்தது. விடியற்காலையில் போய்ச் சேர்ந்தேன். பச்சை நிறப் பெயின்ட் வாசம் போகாத வீடு, வாசலில் வாழை மரம், மாட்டை உள்ளே கூட்டிப் போகப் பெரிய போராட்டம். பால் பொங்கியது. அண்ணனின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணி எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் காபியைக் குடிக்க முடியவில்லை. சொல்லித் தொலைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அண்ணி, என்னாலதான் அண்ணன் வர முடியாமப் போச்சு. அந்த ஞாயித்துக்கெழம மட்டும்..."

"எந்த ஞாயித்துக்கெழம?"

"அவரு ஒங்களுக்குப் போன் பண்ணாரே, வரமுடியலன்னு. அன்னைக்கு."

"ஞாயித்துக்கெழமையா? இல்லியே. வியாழக்கெழமையே பேசிட்டாரே தம்பி. லேப்ல ஒரு தம்பிக்கு மொதக் கொழந்த, அவன அனுப்பிட்டு நான் தையில வாரேன், நீங்க பால் காய்ச்சிருங்கன்னாரு. சும்மா குடுத்தா அவன் வாங்க மாட்டான், வெளையாட்டுல தோத்துத்தான் குடுக்கணும்னாரு. எனக்கு ஒன்னும் வெளங்கல. என்ன வெளையாட்டு தம்பி அது?"

"டென்னிஸ் அண்ணி" என்றேன்.

"அவரு டென்னிஸ்லாம் ஆடுவாரா?"

"சுமாரா ஆடுவாரு."

அண்ணி சிரித்துக்கொண்டே உள்ளே போனார். புதன்கிழமை பிக்கப்பில் நான் பேசினேன். வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் பேசிவிட்டார். பைனலுக்கு மூன்று நாள் முன்பே என் லீவை எனக்குக் கொடுத்துவிட்டு, நான் ஜெயித்ததாக நான் நம்ப வேண்டும் என்பதற்காக டிவி முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காபி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது. அவ்வளவு பிரியமாகவும் இருந்தது.

அப்போது சோஹாரிலிருந்து போன் வந்தது. எல்லோரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். பால் எந்தப் பக்கம் பொங்கியது என்று மூன்று பேரிடம் கேட்டாராம். கடைசியில் போன் என் கைக்கு வந்தது.

"தம்பி, சாப்பிட்டியா? மொதப் பந்தியிலயே ஒக்காந்துரு."

"அண்ணே, லண்டன்ல ஜெயிச்சது உங்க ஆளு. செங்கல். நாம பாத்தது போன வருச மேட்ச்சு. எனக்குச் செவ்வாக்கெழமையே தெரியும்ணே. நான் சொல்லல."

"தெரியும் தம்பி. திங்கக்கெழம சலூன்ல ஒக்காந்து முழுசாப் பாத்தேன்."

"ஏண்ணே..."

"அத விடு. உன் கலெக்டர நெனச்சாத்தான் எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. கடைசிப் பந்து முடிஞ்சதும் ஊரே எந்திரிச்சு நின்னு செங்கலுக்குக் கை தட்டுது. இவன் ஒரு ஓரமா ஒக்காந்து துண்ட எடுத்து மூஞ்சில போட்டுக்கிட்டான். ஒருத்தனும் போயி என்னன்னு கேக்கல தம்பி. எத்தன கோப்ப வாங்கினவன்! அடுத்த வாரம் நியூயார்க்கு. நான் அவன் பக்கம்தான். நாகர்கோவிலுகிட்ட சொல்லி இப்பவே ஒரு மாசச் சமையல வெச்சுட்டேன்."

"சரிண்ணே" என்றேன். அண்ணி வந்து போனை வாங்கிக்கொண்டார்.